கேள்வி கேட்காத கறுப்புத் திரை

கோபிசங்கர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டபோதே உதயகலாவுக்குப் பிடிக்கவில்லை. வேலை செய்கிறவளின் முகத்தைப் பாராமல் விரல்களைப் பார்க்கிற ஆளை எப்படி நம்புவது?

சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்த அச்சகத்தில் அவள் பதினாறு வருடமாகத் தட்டச்சு செய்கிறாள். தொண்ணூற்றைந்தில் சண்டையால் ஊரே இடம்பெயர்ந்ததோடு ஒன்பதாம் வகுப்பில் படிப்பு நின்றது. ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். ஆனாலும் கணினியின் கறுப்புத் திரையில் அடிக்க வேண்டிய கட்டளைகளை ஒரு கொப்பியில் எழுதிவைத்து, ஒன்றும் விளங்காமலே அப்படியே பார்த்து அடிப்பாள். பழைய எழுத்துருவில் கிடப்பதை இந்தக் காலத்து எழுத்துக்கு மாற்றும் கருவி அது. யாரோ இலவசமாக இணையத்தில் போட்டுவைத்தது. அந்த யாரோ இந்தக் கோபிசங்கர்தான் என்று இன்று காலைதான் தெரிந்தது.

“வெளிநாட்டு அமைப்பு ஒண்டுக்குத் திட்டம் எழுதிக் குடுக்கப் போறன், அக்கா. கம்பஸ் பிள்ளையள் ரெண்டு பேர் மூண்டு மாதம் என்னட்டை வேலை பழகுவினம். உந்தக் கருவியைச் சனத்துக்குச் சுகமாக்கிறதுதான் அவையின்ரை வேலை. அதுக்கு முதல், நீங்கள் எந்த இடத்திலை பிழை விடுறியள் எண்டு எனக்குத் தெரியவேணும்.”

அவள் கண் தானாக, அச்சடித்த புத்தகங்கள் அடுக்கியிருந்த கண்ணாடி அலுமாரிக்குப் போனது.

“நான் பிழை விடுறேல்லை.”

முதலாளி இராசநாயகம் தன் மேசையில் இருந்தபடியே சிரித்தார். “உவள் வாய் திறந்ததே பெரிசு, தம்பி. மறைக்காமல் சொல்லு, பிள்ளை. உவர் என்ன, பொலிஸோ?”

பொலிஸ் என்றாலும் பரவாயில்லை. முதலாளியே சந்தேகப்பட்டு இவரைக் கூப்பிட்டிருந்தால்?

மூன்று வருடத்துக்கு முந்திய சங்கதி. சரசாலையில் ஒரு வாத்தியார் செத்து, முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கக் கொடுத்தார்கள். செத்தவரின் வரலாறும் அவர்மேல் பாடிய பாட்டுகளுமாய் ஒரு சின்னப் புத்தகம். எல்லாம் அடித்து முடித்து மாற்றும்போது, கட்டளையில் முன்னுக்கு வரவேண்டிய கோப்பின் பெயரைப் பின்னுக்குப் போட்டுவிட்டாள். திரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடித்ததையெல்லாம் துடைத்துவிட்டது. கையெழுத்துத் தாள்களைப் பார்த்துத் திரும்ப அடித்தாள். கடைசித் தாளைக் காணவில்லை. மனைவி புலம்புவதாகப் பாட்டு முடியும் நாலு வரி அதில்தான். மறுநாள் புத்தகம் போகவேண்டும். ஒருவருக்கும் சொல்லாமல் அந்த நாலு வரியையும் தானே கட்டி வைத்தாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டில் அதை வாசித்துத்தான் மனைவி கூடுதலாக அழுதாவாம். தெரியவந்தால் அந்தக் குடும்பத்தின் முகத்தில் முழிக்க ஏலாது, வேலையும் போய்விடும். பாட்டுக் கட்டிய புலவர் ஏன் பேசாமலிருந்தார் என்பது அவளுக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

கோபிசங்கர் எழுந்து அலுமாரியைத் திறந்தார். “உதெல்லாம் இந்தக் கருவியாலை வந்த புத்தகங்களோ?” கைவிட்டு ஒன்றை இழுத்தார். அட்டையில் சரசாலை வாத்தியாரின் மீசை தெரிந்தது. இத்தனைக்குள் இதை ஏன் எடுத்தார்?

அவர் பின்பக்கத்திலிருந்து தாள் புரட்டத் தொடங்கினார். கடைசிப் பாட்டு அங்கேதான் இருந்தது.

“பெயர் இடம் மாறும்,” என்றாள் உதயகலா.

அவர் கை நின்றது. “என்ன, அக்கா?”

“ரெண்டு பெயர் அடிக்கிறது. அது இடம் மாறினா அடிச்சதெல்லாம் போயிடும். உங்கடை சாமான் ஒண்டும் கேளாது.”

“உங்களுக்கு நடந்ததோ?”

“ஒராளுக்கு நடந்தது.”

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். அவள் கொப்பியைப் பார்த்தபடி இருந்தாள்.

கோபிசங்கர் திரும்ப வந்து உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுதினார். “அது அந்த ஆளின்ரை பிழை இல்லை. என்ரை பிழை. ‘அழிக்கவோ?’ எண்டு கேக்க வைக்கலாம். பிள்ளையளுக்கு அதையே முதல் வேலையாப் போடுறன்.”

இவ்வளவு சுலபமாகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற ஆளை அவள் கண்டதில்லை. என்னவோ இருக்கிறது.

“கேட்டா மட்டும் காணாது, தம்பி. அவசரத்திலை இருக்கிற ஆள் எதைக் கேட்டாலும் ஓம் எண்டுதான் அடிக்கும். பழையதையும் ஒரு பக்கத்திலை வைச்சிருக்க வேணும்.”

அவர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். “இதையும் எழுதுறன். உங்கடை பெயரும் போடட்டே?”

“பெயர் வேண்டாம்.”

“சரி. அந்த ஆள் பிறகு என்ன செய்தது?”

“திருப்பி அடிச்சது.”

“முழுக்கவோ?”

“ஓம்.”

சொல்லிக்கொண்டே எழுந்து, அவர் மடியிலிருந்த கல்வெட்டை எடுத்தாள். தூசி தட்டுவதுபோல அட்டையைத் துடைத்து, அலுமாரியின் அடித்தட்டில், கோயில் நோட்டீசுக் கட்டுக்குப் பின்னால் செருகினாள். திரும்பியபோது கோபிசங்கர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். முதலாளி மட்டும் அலுமாரியின் அடித்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.