குடத்தில் வெட்டிய பேர்

பெரம்பலூர் கடைத்தெருவில் ராசாங்கத்துக்குத் தெரியாத குடும்பம் கிடையாது. தெரியும் என்றால் மதிப்பார் என்று அர்த்தமில்லை. முப்பது வருஷம் ஒரு பாத்திரக் கடை வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, உளியும் சின்னச் சுத்தியலுமாகக் குடத்திலும் டம்ளரிலும் பேர் வெட்டியவர் அவர். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் என்ன கொடுத்தார்கள், ஒரு அற்ப டம்ளருக்குத் தன் பேரோடு அப்பன் பேரையும் படிப்பையும் சேர்த்து வெட்டச் சொன்ன மகராசன் யார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு தடவை கரண்டியில் ஊர்ப்பேர் வரைக்கும் வெட்டச் சொன்ன வாத்தியார் ஒருவரிடம், "இன்னும் ரெண்டு முழம் நீளமா ஒரு கரண்டி வாங்கிட்டு வாங்க சார்" என்று சொல்லி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஊரையே இளக்காரமாகப் பார்த்த மனுஷனுக்குத் தன் எழுத்தின்மேல் மட்டும் கொள்ளைக் கர்வம். மற்றவர்கள் மேலாகக் கீறிவிட்டு விடுவார்கள், இவர் ஆழமாக இறக்குவார். பாத்திரம் ஓட்டையாகிப் போனாலும் தான் வெட்டிய பேர் போகாது என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். இந்தப் பேச்சுக்காகத்தான் பின்னால் அவர் தலைகுனிய வேண்டியிருந்தது.

1998-இல் கடைக்குக் கரண்டில் ஓடும் மிஷின் வந்தது. கிர்ரென்று ஒரு சத்தம், பேர் முடிந்துவிடும். முதலாளி ஒரு வேட்டி துண்டு கொடுத்து ராசாங்கத்தை அனுப்பிவைத்தார். அந்த வேட்டியை அவர் வீட்டில் கரித்துணியாக்கினார். ஐம்பத்தாறு வயதில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல், வீட்டில் உட்கார்ந்து குழம்பில் உப்பு, ரசத்தில் புளி என்று குறை சொல்ல ஆரம்பித்தார். மனைவி பூங்காவனம் ஆறு மாதம் பொறுத்தாள். அதற்கப்புறம், மலைக்காவது போய் அந்த முருகனிடம் குறை சொல்லுங்கள், அவனுக்குத்தான் வேறு வேலையில்லை என்று பஸ் ஏற்றிவிட்டாள்.

அப்படித்தான் அவர் கிருத்திகைக் குழுவில் போய்ச் சேர்ந்தார். மாதாமாதம் கிருத்திகைக்குச் செட்டிகுளம் மலை ஏறும் பெரம்பலூர்க்காரர்கள் நாற்பது பேர். தலைவர் செல்லதுரை, பருத்திக் கமிஷன் மண்டி வைத்திருந்தவர். படியேறும்போது அவருக்கு முன்னால் யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது. மேலே கரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற முருகனைக்கூட, நீ பொறு, நான் வருகிறேன் என்று சொல்லுகிற மாதிரி ஒரு நடை. இந்தக் கூட்டத்துக்கு ஒரு தர்மமும் இருந்தது. ஆவணியிலும் தையிலும் இல்லாதப்பட்ட வீட்டுப் பெண்களுக்குக் கல்யாணச் சீராகப் பாத்திரம் கொடுப்பார்கள். குடம், அண்டா, தாம்பாளம், சொம்பு, குத்துவிளக்கு. ஒவ்வொன்றிலும் 'உபயம்: செல்லதுரை, கமிஷன் மண்டி, பெரம்பலூர்' என்று வெட்டியாக வேண்டும்.

பேர் வெட்ட ராசாங்கம் கூலி கேட்கவில்லை. முருகனுக்குச் செய்கிறேன் என்றார். உண்மையில் உளியைப் பிடிக்காமல் அவருக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது. பக்தி பாதி, அரிப்பு பாதி. மனசுக்குள் செல்லதுரையைத் திட்டிக்கொண்டே, கை மட்டும் வழக்கம்போல ஆழமாக வெட்டியது.

2001 ஆவணியில் சீர் வாங்கிய பெண்களில் தேவயானி ஒருத்தி. தாயும் தகப்பனும் களை வெட்டியும் கல் உடைத்தும் வளர்த்த பெண். மேடையில் ஏற்றி, மைக்கில் பேரைச் சொல்லி, குடத்தைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். அரியலூரில் வாழ்க்கைப்பட்டாள். இரண்டு வருஷம் கழித்து அரியலூருக்கு ஒரு துக்கத்துக்குப் போன ராசாங்கம், தன் எழுத்து எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் அவள் வீட்டைத் தேடிப் போனார். பெண்ணைப் பார்க்க அல்ல, எழுத்தைப் பார்க்க. ஆளின் லட்சணம் அவ்வளவுதான்.

தேவயானி அவருக்குப் பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர் கொடுத்தாள். எவர்சில்வர் குடம் அடுப்பங்கரை மூலையில், முகத்தைச் சுவரோடு வைத்த மாதிரி இருந்தது. ராசாங்கம் எழுந்து போய் அதைத் திருப்பினார். எழுத்து இருந்த இடம் முழுக்கச் செங்கல்லால் தேய்த்த கீறல். தகடு மங்கிக் குழி விழுந்திருந்தது. ஆனால் உபயம் அப்படியே இருந்தது, செல்லதுரையும் இருந்தார், கமிஷன் மண்டியும் இருந்தது.

அவள் அழவெல்லாம் இல்லை. மாமியார் ஒவ்வொரு விருந்தாளியிடமும் குடத்தைத் திருப்பி வாசிக்கச் சொல்லுவாளாம். உங்கம்மா என்ன செஞ்சா, மண்டிக்காரர் தானே உன்னைக் கட்டிக் கொடுத்தார் என்பாளாம். தினமும் பத்துப் பாத்திரத்தோடு செங்கல்லையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, கை காய்த்ததுதான் மிச்சம் என்றாள். வேறு குடம் வாங்கித் தருகிறேன் என்று ராசாங்கம் முனகினார்.

"எத்தினிய மாத்துவீங்க, விடுங்க. யாரு வெட்டுனானோ, கை வெளங்காமப் போவ. இவ்ளோ ஆழமாவா வெட்டுவான்?"

வெட்டியவன் எதிரில் நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லும் தைரியம் ராசாங்கத்துக்கும் வரவில்லை. பஸ் ஏறி வந்தவர் மறுநாள் கிருத்திகை இல்லாத நாளிலேயே மலை ஏறினார். முருகனோடு சண்டை போட்டார். நாற்பது வருஷமாகக் கும்பிட்டவனுக்கு நீ கொடுத்த கைத்தொழில் இப்படித்தானா பயன்பட வேண்டும் என்று கேட்டார். முருகன் வழக்கம்போலக் கரும்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். இறங்கும்போது ராசாங்கம் உளியைப் படியில் வைத்து எடுத்து ஒன்று நேர்ந்துகொண்டார். இனி தாய் பேரையும் மகள் பேரையும் தவிர வேறு யார் பேரையும் சீர்ப் பாத்திரத்தில் இந்த உளி வெட்டாது.

நேர்ந்துகொள்வது சுலபம். செல்லதுரையை என்ன செய்வது? முப்பது வருஷம் பெரிய மனுஷர்களின் பேர் ஆசையைப் பார்த்தவருக்கு வழி கிடைக்காமலா போகும். அடுத்த கூட்டத்தில் எழுந்து, தலைவர் பேர் மேடையிலிருந்து பார்த்தால் தெரியவேயில்லை, போட்டோவிலும் விழவில்லை, இது நம் குழுவுக்கே கேவலம் என்று வருத்தப்பட்டார். திருச்சியில் கலர் ஸ்டிக்கர் அடித்துத் தருகிறார்களாம், தட்டு அகலத்துக்கு ஒட்டலாம் என்றார். செல்லதுரையின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. ஒரு மாதத்தில் ஸ்டிக்கர் வந்து இறங்கியது. ஒரு பக்கம் முருகன், ஒரு பக்கம் செல்லதுரை. முருகன் கொஞ்சம் சின்னவர்.

அதிலிருந்து ராசாங்கத்துக்கு நிற்க நேரமில்லாமல் போனது. சீருக்குப் பெண்ணைத் தேர்ந்தெடுத்ததும் அந்த வீட்டுக்குப் போவார். தாயின் பேரையும் மகளின் பேரையும் கேட்டுக்கொண்டு வந்து பாத்திரத்தில் வெட்டுவார். அதன்மேல் ஸ்டிக்கரை ஒட்டுவார். மேடை, மைக், போட்டோ எல்லாம் முடிந்து சாமான் வீடு போய்ச் சேர்ந்ததும், பின்னாலேயே தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடு போய் உட்கார்ந்து, சுடுதண்ணீர் கேட்டு வாங்கி, செல்லதுரையை ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் உரித்துப் போடுவார். அந்த வேலையில் அவருக்கு அலாதி சுகம். போன இடத்தில் கூரை ஒழுகினால் ஓலைக்கு ஆள் சொல்லுவார். ரேஷன் கார்டு இல்லாத வீட்டுக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி, சார் சார் என்று உயிரை வாங்குவார். வீட்டுச் சாப்பாட்டில் குறை சொல்ல அவருக்கு நேரமில்லை. பூங்காவனம் அதற்காகவே முருகனுக்குத் தேங்காய் உடைத்தாள்.

2006 ஆவணியில் முறை வந்தது செந்துறைப் பக்கத்துக் காலனியில் இருந்த வேம்புவின் மகள் மலர்கொடிக்கு. வேம்பு புருஷனை இழந்தவள். கூடப் பிறந்த ஒரே தம்பியும் கல்குவாரியில் செத்துப்போனான். பேர் என்னம்மா என்று ராசாங்கம் கேட்டபோது, எதுக்குங்க சாமி என்று பயந்தாள். அவளிடம் பேர் கேட்டவர்கள் எல்லாம் அதற்கப்புறம் ஏதாவது கைநாட்டு வாங்கியவர்கள்தான். கல்யாணத்துக்கு முதல் நாள் ஸ்டிக்கரை உரித்துவிட்டு, 'வேம்பு மகள் மலர்கொடிக்கு' என்று அவர் வாசித்துக் காட்டினார். அவள் அந்த எழுத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, தன் பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

குழுவிலிருந்து ஒருவரும் கல்யாணத்துக்கு வர மாட்டார்கள். காலனிக்குள் அவர்கள் கால் படாது, தர்மமெல்லாம் பெரம்பலூர் மேடையோடு சரி. அந்த வருஷம் பார்த்துக் குழுவுக்குப் பத்தாவது ஆண்டு. ஆண்டு மலர் போடப் போட்டோ வேண்டும் என்று செல்லதுரை கேமராக்காரரோடு காரில் வந்து பந்தல் வாசலில் இறங்கினார். ராசாங்கம் பயந்துபோனார். தனக்காக அல்ல. சீர்த் தட்டுகளைச் சுற்றி மாப்பிள்ளை வீட்டார் நின்று, வேம்பு பேரைப் படித்து, தனியாளா நின்னு செஞ்சிருக்கா பாரு என்று பேசிக்கொண்டிருந்த நேரம் அது. இந்த ஆள் ஒரு வாய் திறந்தால் போதும், மலர்கொடியும் நாளையிலிருந்து செங்கல்லைத் தேட வேண்டியதுதான்.

செல்லதுரை குடத்தைத் தூக்கினார். திருப்பினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை திருப்பினார்.

"என்னய்யா ராசாங்கம், என் பேரு எங்க? இதெல்லாம் நாம குடுத்த சாமானுல்ல?"

மாப்பிள்ளையின் தகப்பன் கருப்பண்ணன் பக்கத்தில்தான் நின்றார். கீழப்பழுவூர்க்காரர், நிதானமான மனுஷர். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார்.

"சீரு நீங்க செஞ்சதுங்களா? அப்ப தாய்மாமன் மொற நீங்கதான். பட்டம் கட்ட ஆளு இல்லன்னு இம்மாம் நேரம் குந்திக் கெடக்கோம். வாங்க சம்பந்தி, பாயில வந்து உக்காருங்க."

பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கருப்பண்ணன் தெரியாமல் கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா என்பது ராசாங்கத்துக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கேமராக்காரர் வேறு கேமராவைத் தூக்கிவிட்டார். காலனிக்காரர்களுக்குச் சம்பந்தியாகப் பாயில் உட்கார்ந்த போட்டோ ஆண்டு மலரில் வந்தால் கதி என்ன ஆகும் என்று செல்லதுரைக்கு மனசில் ஓடியிருக்கும். குடத்தை, கை சுட்டதுபோலக் கீழே வைத்தார்.

"இல்லிங்க, இல்லிங்க. நாங்க ஒண்ணும் குடுக்கல. அந்தம்மா பேருதான போட்டிருக்கு. அவங்க செஞ்சதுதான் எல்லாம்."

அவர் வாயாலேயே சொல்லிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கார் ஏறிப் போனார். எல்லாப் பெருமையும் ஒரு கோரைப் பாய்க்குப் பயந்து ஓடிப்போனது. ராசாங்கத்துக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

கருப்பண்ணன் இப்போது அவர் பக்கம் திரும்பினார். "சரிங்க, நீங்க யாரு?"

சிரிப்பு நின்றுவிட்டது. பேர் வெட்டுகிறவன் என்று சொல்லிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். மூன்று வருஷமாக இந்த மாதிரி வீடுகளில் ஏறி இறங்குகிறார், தின்பதையும் குடிப்பதையும் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தே வந்திருக்கிறார். தேவயானி பிளாஸ்டிக் குவளையில் கொடுத்த தண்ணீரையும் குடிக்காமல் வைத்துவிட்டுத்தான் வந்தார். செல்லதுரைக்குக் காரில் போக வழி இருந்தது, இவருக்குச் சாக்கில் போக வழி இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். அது அந்த நேரத்தில் அவருக்கு நன்றாகவே உறைத்தது. வெட்கமாக இருந்தது. வேம்பு பந்தக்காலைப் பிடித்தபடி தரையைப் பார்த்து நின்றாள். யாரிடமும் எதையும் எதிர்பார்க்காத முகம்.

கால் கூசியது நிஜம். கூசிய காலோடேயே போய்ப் பாயில் உட்கார்ந்தார்.

"நாந்தான் அந்தப் புள்ளைக்குத் தாய்மாமன். பட்டத்தக் குடுங்க."

மலர்கொடியின் நெற்றியில் பட்டம் கட்டினார். பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து, இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். வேம்பு பரிமாற வந்து, இன்னும் கொஞ்சம் போடவாண்ணே என்றாள். 'சாமி' போய்விட்டது.

சேதி அவருக்கு முன்னால் பெரம்பலூர் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் தம்பி வீட்டில் பேச்சை நிறுத்தினார்கள். வாழ்நாளில் அவர்கள் செய்த ஒரே உபகாரம் அது என்றார் ராசாங்கம். பூங்காவனம் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, மறுநாள், மாமன் என்றால் தலைதீபாவளிக்குச் சீர் செய்ய வேண்டாமா என்று கேட்டாள். குழுவை விட்டு அவரை விரட்டச் செல்லதுரையால் முடியவில்லை. விரட்டினால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டிக்கர் வந்துகொண்டே இருந்தது, எண்ணெய்ப் பாட்டிலும் தீர்ந்துகொண்டே இருந்தது.

தீபாவளிக்கு முன்னால் ராசாங்கம் பழைய கடைக்கே போய் ஒரு பித்தளைக் குடம் வாங்கினார். மிஷினில் பேர் வெட்டித் தரவா என்றார்கள். வேண்டாம் என்று வாசல் படியில் உட்கார்ந்து உளியை எடுத்தார். ஊரிலுள்ள பேராசைக்காரர்களை எல்லாம் முப்பது வருஷம் பழித்த மனுஷன், நேர்ந்துகொண்டதையும் மறந்து, 'தாய்மாமன் ராசாங்கம்' என்று தன் பேரையே வெட்டினார். வழக்கத்தைவிட ஆழமாகவும் வெட்டினார்.

குடத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு கீழப்பழுவூர் போய்ச் சேர்ந்ததும் பயம் வந்துவிட்டது. மலர்கொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது அவர் கண் தானாகவே கொல்லைப்பக்கம் போனது. அங்கே துணி துவைக்கிற கல்லோரம் ஒரு அரைச் செங்கல் கிடந்தது.

"பேரு உறுத்தலா இருந்தா சொல்லிடும்மா. எடுத்துட்டுப் போயிடுறேன். நீ போட்டுத் தேச்சுக்கிட்டுக் கெடக்க வேணாம்."

"தேய்க்காம எப்படி மாமா? வாராவாரம் புளி போட்டுத் தேய்ப்பேன். வர்றவுக கண்ணுக்குப் பேரு பளிச்சுன்னு தெரிய வேணாமா?"

ராசாங்கம் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொண்டு வரச் சொன்னார்.