அருவிக்குப் போன தாம்பூலத் தட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு குரங்கு என் மகள் கல்யாணத்தில் தலையிட்டது.

சிரிக்காதீர்கள். மகளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். "என் பேரை மட்டும் போட்றாதீங்கப்பா" என்றாள். போடவில்லை. வீட்டில் கூப்பிடுவது போல பாப்பா என்றே வைத்துக்கொள்வோம். முப்பதைத் தாண்டிய பாப்பா. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். வாய் கொஞ்சம் நீளம். அது யாரிடமிருந்து வந்தது என்று எழுதினால் எனக்குச் சோறு கிடைக்காது.

சென்ற வருடம், சுங்கை பினாங்கில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளையின் அத்தை பாப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்கம்மா, கொஞ்சம் நடந்து காட்டு" என்றார்.

பாப்பா நடந்தாள். ஹாலைத் தாண்டி, வாசலைத் தாண்டி, லிஃப்ட்டில் ஏறி, கீழே கடையில் உட்கார்ந்து நிதானமாக ஒரு தே தாரிக் குடித்தாள். அவர்கள் கிளம்பிப் போன பிறகுதான் மேலே வந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் கல்யாணப் பேச்சுக்கே தடை. நானும் என் மனைவி சரோஜாவும் அவளுக்குக் கேட்காமல் பால்கனியில் நின்று கிசுகிசுப்போம். பெண்ணைப் பெற்றவர்களின் கவலை இருக்கிறதே... அதற்கு மருந்து எந்தக் கிளினிக்கில் கிடைக்கிறது?

இந்த நேரத்தில்தான் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் மாக் மண்டினில் சொந்தமாக கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். பாப்பா போட்டோவைப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். "சரி, பார்க்கலாம்" என்றாள். சரோஜா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"ஆனா வீட்டுக்கு வர வேணாம்" என்றாள் பாப்பா. "போன தடவை என்னைய மட்டும்தானே நடக்கச் சொன்னாங்க? இந்தத் தடவை எல்லாரும் நடங்க. பாலிக் பூலாவ் பக்கம் காட்டுக்குள்ள ஒரு அருவி இருக்கு. சின்ன ட்ரெயில், ஈஸிதான்லா. ரெண்டு குடும்பமும் ஹைக்கிங் போவோம்."

ஹைக்கிங்! நான் லிஃப்ட் ரிப்பேரானால் பக்கத்து வீட்டுக்காரர் துணையோடு படி ஏறுகிறவன்.

"இன்னொண்ணு. தட்டு, பழம், வெத்தலை பாக்கு... ஒண்ணும் வரக்கூடாது. தட்டைப் பார்த்தேன், அப்படியே காடிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் யாரையும் பார்க்கச் சொல்லி என்னைய கேக்கக்கூடாது."

சொன்னால் செய்கிறவள். நான் "சரிம்மா" என்றேன். சரோஜாவும் "சரிம்மா" என்றாள். அவள் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை, பசியாறிவிட்டுக் கிளம்பினோம். காட்டு வாசலில் பையன் வீட்டார் காத்திருந்தார்கள். பையன் சாதாரண டி-ஷர்ட், பழைய சப்பாத்து. அவன் அப்பா புது ஷூ, புது தொப்பி, புது ஊன்றுகோல் என்று எவரெஸ்ட்டுக்கே போகிற ஏற்பாட்டில் இருந்தார். அம்மா பட்டுப் போன்ற புடவையில், தோளில் ஒரு பெரிய பையோடு நின்றார். காட்டுக்குள் எதற்கு இவ்வளவு பெரிய பை என்று கேட்க நினைத்தேன். மரியாதைக்காகக் கேட்கவில்லை.

பாப்பாவும் பையனும் முன்னால் நடந்தார்கள். நாங்கள் பின்னால். பாதை என்னவோ நல்ல பாதைதான். நிழல், ஓடைச் சத்தம், குளுகுளு காற்று. எதிரே இறங்கி வந்த சீனக் கிழவர்கள் எல்லாரும் "சிகிட் லாகி! சிகிட் லாகி!" என்று உற்சாகப்படுத்தினார்கள். இன்னும் கொஞ்சம்தானாம். மலேசியாவில் எந்த மலையில் எந்த இடத்தில் நின்று கேட்டாலும் இதே பதில்தான். நம்பாதீர்கள்.

ஒரு மேட்டில் ஏறும்போது என் முதுகில் ஏதோ வட்டமாகக் குத்தியது.

"சரோ, பையில என்ன வச்ச?"

"துண்டு."

"துண்டு குத்துமா?"

"மெதுவா பேசுங்க... பாப்பாவுக்குக் கேக்கும்."

விளங்கிவிட்டது. "அடிப்பாவி! தட்டா?"

"வெறுங்கையோட எப்படிங்க சம்பந்தி மொகத்துல முழிக்கிறது? எவர்சில்வர் தட்டுதான். கொஞ்சம் பழம், வெத்தலை பாக்கு, லட்டு. பாப்பா பார்க்காத நேரமா பார்த்துக் குடுத்துரலாம்."

எனக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. மேடு காரணமல்ல. பாப்பா முன்னால் சிரித்துப் பேசிக்கொண்டே போகிறாள். எத்தனை நாள் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன்! அதை மொத்தமாக அணைக்கக்கூடிய சாமான் என் முதுகில் இருக்கிறது. திருப்பி எடுத்துப்போய், கீழே நிறுத்திய காடியில் வைத்துவிட்டு வரலாம் என்றால், அப்புறம் என்னால் இன்னொரு தடவை ஏற முடியாது.

பாதி வழியில் ஒரு மரக் கொட்டகை வந்தது. பெரியவர்கள் நாலு பேரும் அதில் சரிந்தோம்.

"நாங்க அருவியப் பார்த்துட்டு வந்துர்றோம் அங்கிள். நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றான் பையன். இரண்டு பேரும் வளைவில் மறைந்தார்கள்.

அடுத்த நொடி சரோஜா என் பையைப் பிடுங்கித் திறந்தாள். தட்டை வைத்து, மடமடவென்று பழங்களை அடுக்கினாள். நிமிர்ந்து பார்த்தால்... எதிரே பையனின் அம்மாவும் பெரிய பையைத் திறந்து அடுக்கிக்கொண்டிருக்கிறார்! பித்தளைத் தட்டு. வாழைப்பழச் சீப்பு, ஆரஞ்சு. மல்லிகைச் சரம். குங்குமச் சிமிழ்.

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அக்கா... நீங்களுமா?"

"உங்க மகனும் வேணாம்னு சொன்னாரா?"

"ஐயோ, ஏன் கேக்குறீங்க! தட்டு கொண்டாந்தா நான் வரவே மாட்டேன்னுட்டான். புடவைக்குள்ள சுத்தி வச்சுக் கொண்டாந்தேன்."

இரண்டு பேரும் கைகளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிள்ளைகள் ஆயிரம் சட்டம் போடட்டும். இடத்தை மாற்றுவோம், பெயரை மாற்றுவோம், சப்பாத்தைக்கூட மாற்றுவோம். தட்டை மட்டும் விடமாட்டோம். நாம் அப்படிப்பட்ட சாதிசனம்.

சிரிப்பு முடிவதற்குள் கொட்டகைக் கூரையில் 'தொப்' என்று ஒரு சத்தம்.

பினாங்கில் பிறந்து வளர்ந்த நாலு பேர், குரங்குகள் இருக்கும் காட்டில், சீப்புச் சீப்பாக வாழைப்பழத்தைப் பரப்பி வைத்திருக்கிறோம். இதை என்னவென்று சொல்வது? பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யாது.

முதலில் ஒரு தடியன் வந்தான். பித்தளைத் தட்டிலிருந்து ஒரு சீப்பை எடுத்துக்கொண்டான். பிறகு அவன் குடும்பம் வந்தது. பையனின் அப்பா, "ஹேய்! போ!" என்று ஊன்றுகோலை நீட்டினார். தடியன் ஊன்றுகோலையும் வாங்கிக்கொண்டான். சரோஜா லட்டு டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினாள். பையனின் அம்மா மல்லிகைச் சரத்தால் ஒரு குட்டியை விரட்டினார். குங்குமம் பறந்தது.

"தட்டப் புடிங்கண்ணே, தட்டப் புடிங்க!" என்று அவர் கத்த, நான் கைக்குக் கிடைத்ததைப் பிடித்தேன். பையனின் அப்பாவும் பிடித்தார். குனிந்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டோம்.

கொஞ்ச நேரத்தில் அமைதி. கண்ணைத் திறந்தேன். அவர் நெற்றி, மூக்கு எல்லாம் குங்குமம். என் கையில் பித்தளைத் தட்டும் ஒரே ஓர் ஆரஞ்சும். அவர் கையில் எங்கள் எவர்சில்வர் தட்டும் நாலு வெற்றிலையும்.

"ஐயையோ" என்றார் பையனின் அம்மா. "தட்டு மாறிப்போச்சே!"

நம்மவர்களில் தட்டு மாற்றிக்கொண்டால் சம்பந்தம் உறுதி. அப்புறம் பேச்சு கிடையாது. இங்கே மாற்றிவைத்தது யார்? ஐயரா? தாய்மாமனா? கூரை மேல் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்தா பிள்ளைகள் ஓடி வர வேண்டும்? எங்கள் அலறல் அருவி வரைக்கும் கேட்டிருக்கிறது. வளைவில் வந்து நின்றார்கள். குங்குமத்தைப் பார்த்தார்கள். தட்டுகளைப் பார்த்தார்கள்.

"தட்டு வேணாம்னு சொன்னேன்ல!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இவள் என்னைப் பார்த்து, அவன் அவன் அம்மாவைப் பார்த்து. பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

பாப்பா வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "இல்லம்மா... குரங்கு வந்துச்சும்மா... இது சும்மா மாறிப்போச்சு. இதுல ஒண்ணும் இல்ல. இந்தா, இப்பவே திருப்பிக் குடுத்துர்றேன்." எழுந்து, பித்தளைத் தட்டைப் பையனின் அப்பாவிடம் நீட்டினேன். தட்டில் ஆரஞ்சு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது.

"அப்பா" என்றாள் பாப்பா.

"என்னம்மா?"

"திருப்பிக் குடுக்காதீங்க."

பையன் தலையைக் குனிந்துகொண்டான். காது சிவந்திருந்தது. பாப்பா எங்கோ மரத்தைப் பார்த்தாள். சரோஜா லட்டு டப்பாவோடு சேர்த்து பையனின் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். வெட்கமென்ன இதில்? சந்தோஷம் வந்தால் அழ வேண்டியதுதான்.

திரும்பும்போது காடியில் கேட்டேன், அருவிக்கரையில் அப்படி என்னதான் பேசினீர்கள் என்று. "ஒண்ணும் இல்லப்பா. அவங்கம்மா கண்டிப்பா தட்டோட வந்திருப்பாங்கன்னு அவரு பயந்துக்கிட்டே இருந்தாரு. நானும் அதேதான் சொன்னேன். அப்புறம் சிரிச்சுக்கிட்டே இருந்தோம்" என்றாள்.

செய்தி பரவிவிட்டது. பாசாரில் காய்கறி வாங்கும்போது பார்க்கிறவர்கள் எல்லாம், "என்னண்ணே, ஹைக்கிங் போனீங்களாமே, அருவி எப்படி?" என்கிறார்கள்.

எனக்கெப்படித் தெரியும்? அதைப் பார்த்தது என் மகளும் மருமகனும்தான்.