முன்னூற்று நாற்பத்தேழாம் படத்தில் நிற்பவள்

நீதிமன்றத்தின் நகல் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்த்ததால் எல்லோரும் அவளை நகலக்கா என்றே அழைத்தார்கள். வேலையால் மட்டும் வந்த பெயர் அன்று அது. தன் பெயர் எழுதப்பட்ட எந்தக் காகிதத்துக்கும் ஒரு பிரதி எடுத்து வைக்காமல் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. விடுப்பு விண்ணப்பம், தண்ணீர்க் குழாய் பற்றிய புகார், அந்தப் புகாருக்கு வராத பதிலைக் கேட்டு எழுதிய நினைவூட்டல் என எல்லாம் தேதிவாரியாக அலமாரியில் அடுக்கியிருந்தன.

“நம்ம வீட்டுல சண்டை போட்டாக்கூட மறுநாள் எனக்கு ஒரு காப்பி வந்துடும்” என்பார் அவளுடைய கணவர். பேருந்துப் பணிமனையில் அவர் டைம் கீப்பர், ஞாயிறும் விடிகாலை வேலை. வீட்டுக்கு வெளியே நல்ல பேச்சுக்காரர் என்று பெயர்.

தன்னைத்தானே படம் பிடிக்கும் பழக்கம் அவளுக்கு ஆசையால் வந்ததில்லை. கண்காணிப்பாளர் ஓய்வுபெற்ற நாளில் அலுவலகத்தில் ஒரு குழுப்படம் எடுத்தார்கள். பிரதி கைக்கு வந்தபோது வலது ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் இருந்தது. அது அவளுடையது. படக்கடைக்கு மூன்று கடிதம் எழுதினாள், பதில் இல்லை. அதற்கு முன் தங்கையின் கல்யாண ஆல்பத்திலும் ஒரு தூண் அவளைப் பாதியாக்கியிருந்தது. தன்னை முழுதாகப் படத்துக்குள் வைக்க யாருக்கும் மனமில்லை என்பது ஆவணத்தோடு நிரூபணமான பிறகு, பழைய கேமரா ஒன்றையும் முக்காலி ஒன்றையும் வாங்கினாள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நூலகப் புத்தகம் ஒன்றைத் தன் கையாலேயே படியெடுத்து, அதைப் பார்த்துப் பழகினாள்.

தனியாகத் தன்னைப் படமெடுப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. லென்ஸுக்குப் பின்னால் நின்று கூர்மை பார்க்கும்போது முன்னால் நிற்க ஆளிருக்காது. அதற்காக அவள் ஒரு ஆள்கட்டை செய்தாள். உடைந்த கோட்டு மாட்டியில் தோள் உயரத்துக்குக் குறுக்குச்சட்டம் வைத்து, மூடப்போன துணிக்கடையில் கிடைத்த பொம்மைத் தலையை மேலே திருகிப் பொருத்தினாள். அந்தத் தலைக்குக் கண்ணும் இல்லை, வாயும் இல்லை. தரையிலிருந்து அதன் நெற்றி வரை அளந்தாள். தன் உயரத்துக்கு ஒரு விரற்கடைகூடப் பிசகவில்லை. பின்கட்டு அறையின் ஜன்னலோரம் அதை நிறுத்தி, தன் சாம்பல் நிறச் சால்வையைக் கன்னத்தின் விளிம்பு மட்டும் தெரியத் தலையோடு போர்த்தி, கூர்மை பார்த்து, சோதனைக்கு ஒரு படம் எடுப்பாள். பிறகு கட்டையை நகர்த்திவிட்டு அதே சால்வையோடு அதே இடத்தில் தான் நிற்பாள். உள்ளங்கையில் ரிமோட். இன்னொரு படம்.

ஞாயிறு விட்டு ஞாயிறு, காலை ஏழு மணி வெளிச்சத்தில், பதினோரு ஆண்டுகள். வெளிச்சம் வீணாகாதிருக்கச் சனிக்கிழமை மாலையே கட்டையை நிறுத்தி வைத்துவிடுவாள். பதிவுப் புத்தகத்தில் எண், தேதி, வெளிச்சம் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘யார்’. ஒற்றைப்படை எண்ணுக்கு எதிரே ‘கட்டை’, இரட்டைப்படைக்கு எதிரே ‘நான்’.

நகரக் கலைக்கூடத்தில் அவளுடைய படங்களை வைக்கலாம் என்று கடிதம் வந்தபோது, தேர்வாளர் மொத்தத் தொகுப்பையும் கேட்டிருந்தார். வேறு யாராக இருந்தாலும் சோதனைப் படங்களை நீக்கிவிட்டுக் கொடுத்திருப்பார்கள். அவளுக்கு அது ஆவணத்தைத் திருத்துவது போலப் பட்டது. ஐந்நூற்று இருபத்தெட்டுப் படங்களையும் அப்படியே கொடுத்தாள்.

திறப்பு நாளில் வாசலுக்கு எதிரே, கதவளவு பெரிதாக மாட்டியிருந்தது முன்னூற்று நாற்பத்தேழாம் படம். கட்டை.

“அது நான் இல்லைங்க” என்றாள் தேர்வாளரிடம், பதிவுப் புத்தகத்தை விரித்துக் காட்டி.

அவர் புத்தகத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகுதான் அவளைப் பார்த்தார். “மேடம், ‘நான்’னு எழுதின படத்துல எல்லாம் நீங்க க்ளிக் சத்தத்துக்காகக் காத்துட்டு நிக்கிறீங்க. இதுலதான் யாரோ சொல்றதைக் கேட்டுட்டு நிக்கிறீங்க.”

“கட்டைக்கு ஏதுங்க காது?”

“அப்ப உங்க தொகுப்புலேயே இதைவிட நீங்களா இருக்கிற ஒன்னைக் கொண்டாங்க. திங்கக்கிழமை அஞ்சு மணிக்குள்ள எழுதிக் குடுத்தா மாத்திடறேன்.”

தங்கை வந்து படத்தின் முன் நின்று, “அக்கா, அப்படியே நீ! இந்தப் பொறுமை மட்டும் நேர்ல இருந்தா உன்னைக் கையில பிடிக்க முடியாது” என்று சிரித்தாள். கணவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, தெரிந்தவரைக் கண்டதுபோல லேசாகத் தலையசைத்தார். பின்னால் நின்ற ஒரு பெண்மணி நகலக்காவின் தோளைத் தொட்டு, “கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? அவங்களை மறைக்கிறீங்க” என்றாள்.

அவள் தள்ளி நின்றாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. படத்தில் தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவள் அதை நேராகத்தான் திருகிப் பொருத்தியிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒற்றைப்படைப் படங்கள் அத்தனையையும் வரிசையாகப் பார்த்தாள். முதல் ஏழு ஆண்டுகள் தலை நேராக இருந்தது. முன்னூற்று நாற்பத்தொன்றில் ஒரு சிறு சாய்வு. அதன் பிறகு ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் சாய்வுதான். பின்கட்டுக்குப் போய்க் கட்டையைத் தொட்டுப் பார்த்தாள். திருகு இறுக்கமாகவே இருந்தது. தலை நேராகவே இருந்தது. படம் எடுத்து நகர்த்தும்போதெல்லாம் அவளே, யோசிக்காமலே, நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். அப்படியென்றால் சனி மாலைக்கும் ஞாயிறு காலைக்கும் நடுவில் அதைச் சாய்ப்பது யார்?

“என்னங்க, கட்டையைத் தொட்டீங்களா?”

“அதைத் தொட எனக்கென்ன வேலை?” என்றார் கணவர். குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டிய முடிச்சையே இன்னொரு தடவை கட்டினார்.

சனிக்கிழமை மாலை வழக்கம்போலக் கட்டையை நிறுத்தினாள். ஞாயிறு விடியும் முன், கணவர் குளிக்கும் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் எழுந்தாள். செய்ய வேண்டியதை இரண்டு நாள் முன்பே ஒரு தாளில் வரிசைப்படுத்தியிருந்தாள். கட்டையைத் தூக்கிவந்து தன் படுக்கையில் கிடத்தி, தலைவரை போர்வையால் மூடினாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம், தரையில் ஒட்டியிருந்த குறியின் மேல் நின்றாள். உள்ளங்கையில் ரிமோட். கட்டையைத் தொடுவது யார் என்றும் தெரியும், தேர்வாளருக்குக் கொடுக்க ஒரு படமும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

வெளியே சாம்பல் வெளிச்சம். குளியலறைக் கதவு திறந்தது. படுக்கையறைக்குள் போன காலடிகள் சற்று நின்றன. பிறகு பின்கட்டுக்கு வந்தன. கையில் தேநீரோடு அவர் ஷூ போட உட்காரும் ஸ்டூலில் அமரும் ஓசை முதுகுக்குப் பின்னால் கேட்டது.

“உள்ள நல்லாத் தூங்குறா” என்றார் மெதுவாக. “போர்வை விலகியிருந்துச்சு. இழுத்து மூடிட்டு வந்தேன்.”

அவள் சால்வை அசையாமல் பார்த்துக்கொண்டாள்.

“நேத்துப் பணிமனைல ஒரு கூத்து, கேளு. புது டிரைவர் ஒருத்தன் வண்டியை எடுத்துட்டுக் கிளம்பிட்டான். கண்டக்டர் பின்னாடியே ஓடறாரு. கண்ணாடில இவரு ஓடறதைப் பாத்துட்டு, யாரோ பயணின்னு நெனச்சு, ‘அடுத்த வண்டில வாங்க சார்’னு கையைக் காட்டிட்டுப் போயிட்டான்!” அவர் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் கேட்டு எத்தனை காலமாயிற்று என்பதற்கு அவளிடம் பதிவு இல்லை. “இதை அவகிட்டச் சொன்னா, எந்த வண்டி, எத்தனை மணி, புகார் எழுதினாங்களான்னு கேப்பா. கதை அங்கேயே செத்துடும்.”

தேநீரை உறிஞ்சும் சத்தம். ஸ்டூல் நகர்ந்தது. அருகில் வந்தார். சோப்பு வாசனை அடித்தது.

“என்ன, இன்னிக்கும் வெறப்பா நிக்கிற?”

இரண்டு விரல்கள் சால்வைக்குள் நுழைந்து அவள் கழுத்தைத் தொட்டன. நாடி துடிக்கும் இடத்திலேயே அழுந்தின. ஒரு கணம் அங்கேயே நின்றன. பிறகு அவள் தலையை, ஒரு திருகைத் தளர்த்தும் பக்குவத்தோடு, இடப்பக்கம் சாய்த்தன.

“சூடா இருக்கியே” என்றார். “வெயில்கூட இன்னும் வரலையே.”

அவள் மூச்சு விடவில்லை. கட்டைவிரல் தானாக அழுந்தியது. எதிரே கேமரா க்ளிக் என்றது. அவர் அதற்கும் திடுக்கிடவில்லை.

“அந்த டிரைவரைச் சாயங்காலம் என்ன பண்ணாங்க தெரியுமா? நேரமாச்சு, மீதிய அடுத்த தடவை சொல்றேன்.”

ஷூவைப் போட்டுக்கொண்டு போனார். தெருக்கதவு சாத்தும் ஓசை கேட்ட பிறகும் அவளால் கழுத்தை நிமிர்த்த முடியவில்லை.

படுக்கையறையில் போர்வை கழுத்துவரை இழுத்துச் சீராகச் செருகப்பட்டிருந்தது. கண்ணும் வாயுமற்ற அந்த முகம் மூடாமல், கூரையைப் பார்த்துக் கிடந்தது. பக்கத்தில் அவளுக்கான தேநீர், ஆறாமலிருக்கத் தட்டு போட்டு மூடியபடி இருந்தது. முகத்தைப் பார்த்துத்தானே செருகியிருப்பார் என்று நினைத்தாள். அதற்கு மேல் நினைக்கத் துணியவில்லை.

புதிய படத்தைத் திரையில் திறந்து, முன்னூற்று நாற்பத்தேழை அருகில் வைத்தாள். சால்வை மடிப்பையும் கன்னத்தின் விளிம்பையும் சாய்வையும் அடிக்கோலால் அளந்தாள். வித்தியாசம் இல்லை. தேர்வாளர் சொன்னது சரிதான். இரண்டிலும் நிற்பவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதிவுப் புத்தகத்தில் எண் ஐந்நூற்று இருபத்தொன்பது என்று எழுதினாள். தேதி, வெளிச்சம் எல்லாம் எழுதினாள். ‘யார்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பதினோரு ஆண்டில் முதல் முறையாக ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது.

திங்கட்கிழமை ஐந்து மணி வந்தது, போனது. எழுதி வைத்திருந்த கடிதத்தை அவள் கொடுக்கவில்லை. பிரதியும் எடுக்கவில்லை. கலைக்கூடத்தின் வாசலுக்கு எதிரே முன்னூற்று நாற்பத்தேழு அப்படியே நின்றது. வருபவர்கள் அதன் முன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அடுத்த முறை வந்த ஞாயிறு, தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் அவள் எழுந்தாள். கட்டையைத் தன் இடத்தில் கிடத்தி, போர்வையைச் சற்றே விலக்கி வைத்தாள். கேமராவை எடுக்கவில்லை, ரிமோட்டையும் எடுக்கவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு குறியின் மேல் போய் நின்று, கழுத்தை முன்கூட்டியே இடப்பக்கம் சாய்த்துக்கொண்டாள். அந்த டிரைவரைச் சாயங்காலம் என்ன செய்தார்கள் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.