முன்னால் உட்காரும் மெக்கானிக்

கண்ணாடி டம்ளரில் பாதிவரை தண்ணீர் ஊற்றி, ஸ்டியரிங்குக்கு மேலே உள்ள தட்டையான இடத்தில் வைத்துவிட்டு, டம்ளர்காரர் படகின் மூக்குப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறார். அங்கே மூன்று பேருக்கான மெத்தை இருக்கிறது. அவர் உட்கார்ந்த பிறகு அது ஒருவருக்கான மெத்தை. "எடுங்கம்மா, மெதுவா" என்கிறார். படகு கிளம்பியதும் வேகம் காட்டும் திரையையோ இஞ்சினையோ அவர் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. டம்ளர்தான். தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்தால் அவருடைய புருவமும் அதே பக்கம் சாய்கிறது.

வேக்போர்டு படகுகளில் வேகத்தைக் கூடாமல் குறையாமல் பிடித்துவைக்கும் கருவியைப் பழுது பார்ப்பது அவர் தொழில். கால்களைப் பலகையில் பூட்டிக்கொண்டு, படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்தபடி, படகு கிளப்பும் அலைமேல் ஏறிக் குட்டிக்கரணம் போடுவதுதான் வேக்போர்டு. அலை பெரிதாக வேண்டுமென்றால் படகு கனக்க வேண்டும். மற்ற படகுக்காரர்கள் உள்ளே வந்த தண்ணீரை வெளியே இறைப்பார்கள். இவர்கள் வெளியே சும்மா கிடக்கும் தண்ணீரை உள்ளே இறைத்துப் பெரிய பெரிய பைகளில் நிரப்புவார்கள். அத்தனை பாரத்தையும் சுமந்துகொண்டு படகு ஒரே வேகத்தில் போக வேண்டும் என்றும் எதிர்பார்ப்பார்கள். கருவி திணறும். டம்ளர்காரருக்குப் போன் வரும்.

"நாங்க ஒண்ணுமே பண்ணலண்ணா, தானா கெட்டுப்போச்சு" என்று சொல்லாத படகுக்காரரை அவர் இன்னும் சந்திக்கவில்லை. "தானா கெடுறது பால் மட்டும்தான்" என்பார். படகின் அடிவயிற்றில் வேகத்தை அளக்கும் குட்டிச் சக்கரம் ஒன்று உண்டு. அதைத் துலக்கச் சட்டைப் பையிலேயே ஒரு பல் துலக்கும் பிரஷ் வைத்திருக்கிறார். அவசரத்துக்கு வேறு எதற்கும் அதைப் பயன்படுத்துவதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார், நம்புவோம்.

உலகத்தில் உள்ள எல்லா மீட்டரையும் நம்புகிறவர், வீட்டில் உள்ள எடை மெஷினை மட்டும் நம்புவதில்லை. அவர் ஏறி நின்ற சத்தம் கேட்டதும் சமையலறையிலிருந்து மனைவி, "எவ்வளவு காட்டுது?" என்பார்.

"மெஷினுக்கு மூளை கலங்கிருக்கு."

"ஊர்ல உள்ள மெஷினெல்லாம் சரி பண்றீங்க. இதையும் சரி பண்றது."

இதையெல்லாம் தாண்டி அவருக்கு ஒரு பெயர் உண்டு: கைராசிக்காரர். அவர் ஏறி உட்கார்ந்தால் போதும், துள்ளிக்கொண்டிருந்த படகு பெட்டிப் பாம்பாக அடங்கிவிடும். பார்த்தவர்கள் அசந்துபோவார்கள். அவர் மறுத்ததில்லை. கையை மட்டும் ஒரு தரம் துடைத்துக்கொள்வார்.

அந்தக் கைராசிக்குத்தான் போன வாரம் சோதனை வந்தது. ஏரிக்கரையில் படகு வாடகைக்கு விடும் ஓர் அக்காவும் தங்கையும். தங்கை கயிற்றைப் பிடிப்பவள். படகை ஓட்டுவது அக்கா. ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வு. போன வருடம் இதே தேர்வில், தாவும் நொடியில் படகு துள்ளியதால் விழுந்து, வாய்ப்பைக் கோட்டைவிட்டவள் தங்கை. இந்த வருடமும் படகு துள்ளியது. டம்ளர்காரர் வந்தார், சக்கரத்தைத் துலக்கினார், முன்னால் உட்கார்ந்தார். டம்ளரில் அசைவே இல்லை. அவர் வீட்டுக்குப் போனதும் படகு துள்ளியது. மறுநாள் வயரை மாற்றினார். அதற்கு மறுநாள் கருவியையே மாற்றினார். அவர் இருக்கும்வரை பசு, போனதும் காளை.

"அண்ணா, உங்களைப் பாத்தா மட்டும் நடிக்குதுண்ணா" என்றாள் தங்கை. "ஞாயித்துக்கிழமை நீங்களே உள்ள உக்காந்துக்கங்க."

"நடுவரையும் ஓட்டுறவங்களையும் தவிர யாரும் ஏறக் கூடாதுடி" என்றாள் அக்கா.

நான்காம் நாள் படகு கிளம்பும் நேரத்தில் மனைவியிடமிருந்து போன். காலையில் எடை பார்த்தாரா என்பது விசாரணை. நாலு பேர் காதில் விழ வேண்டாமென்று அவர் கரையில் இறங்கி, "நீங்க ஒரு சுத்து போய்ட்டு வாங்க" என்று கையைக் காட்டினார். சோதனைக்குப் போகும் படகை அவர் வெளியிலிருந்து பார்ப்பது இதுவே முதல் முறை.

படகின் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு போனது.

"அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தார். அலை பெரிதாக வேண்டும் என்று சகோதரிகள் தண்ணீர் முழுவதையும் பின்பைகளில் ஏற்றியிருந்தார்கள். படகு அண்ணாந்து போனால் அடியில் உள்ள சக்கரம் தண்ணீரில் சுற்றாமல் நுரையில் சுற்றும். வேகம் குறைந்துவிட்டதாகக் கருவிக்குப் பொய்ச் செய்தி போகும். கருவி பதறிப்போய் இஞ்சினை முடுக்கும், படகு துள்ளும். மூன்று நாளாக அந்த மூக்கை அமுக்கி வைத்திருந்தது யார் என்று யோசித்தார். முன்பக்கத்துப் பை அவர் உட்காரும் மெத்தைக்கு அடியிலேயே காலியாகச் சுருண்டு கிடந்தது. இத்தனை வருடத்துக் கைராசியும் அதன் பக்கத்தில் சுருண்டு படுத்தது.

படகு திரும்பியதும் விஷயத்தைச் சொல்லிவிட்டார். தங்கை சிரிப்பை அடக்கப் பலகையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"அப்ப முன்பையில உங்க எடைக்குத் தண்ணி விடணும்" என்றாள் அக்கா. "கூடினா அலை படுத்துரும், குறைஞ்சா மூக்கு தூக்கும். எவ்வளவுண்ணா இருப்பீங்க?"

"எண்பத்தஞ்சு."

எண்பத்தைந்து லிட்டர் விட்டார்கள். அவர் கரையில் நின்றார். படகு திரும்பி வந்தபோது டம்ளரில் பாதித் தண்ணீரைக் காணவில்லை.

"தொண்ணூத்தஞ்சு வச்சுக்கங்க. காலையில நல்லா சாப்ட்டேன்."

மறுபடியும் சிந்தியது. தங்கை தண்ணீரிலிருந்து ஏறி வந்து தலையைத் துவட்டினாள். முழங்கை சிவந்திருந்தது. ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

டம்ளர்காரர் சகோதரிகளின் வாடகைக் கடைக்குப் பின்னால் போனார். அங்கே பார்சல் நிறுக்கும் தராசு ஒன்று உண்டு. திரும்பி வந்து அக்காவின் காதருகே குனிந்து, "நூத்திப் பன்னெண்டு" என்றார். ஞாயிற்றுக்கிழமை மறந்துவிடக் கூடாதே என்று மார்க்கர் பேனாவால் முன்பையின் மூலையில் அந்த எண்ணை எழுதினார். எறும்பு எழுதியதுபோல் இருந்தது.

படகு போனது. மூக்கு நேராக இருந்தது. அலை மடங்காமல் எழுந்தது. கயிற்று நுனியில் தங்கை அதன்மேல் ஏறினாள், அந்தரத்தில் முழுதாக ஒரு சுற்று சுற்றினாள், பலகை தண்ணீரில் படிந்தது, நின்றாள். இன்னொரு முறை. மறுபடியும் நின்றாள். கரைக்கு வந்தபோது டம்ளரை அக்கா இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினாள். ஒரு சொட்டுக் குறையவில்லை.

டம்ளர்காரர் படகில் ஏறி, மெத்தையைத் தூக்கி, மார்க்கர் மூடியைப் பல்லால் கழற்றினார். எறும்பு எழுத்தின்மேல், மூன்று இலக்கத்தையும் உள்ளங்கை அகலத்துக்குக் கொட்டை எழுத்தாக எழுதினார்.