அறக்கொட்டி விழுந்த வயல்

மத்தியானத்தில் ஜன்னலைத் திறந்தால் வாவியின் உப்புக்காற்றோடு கருவாட்டு மணமும் உள்ளே வரும்... மட்டக்களப்பு டவுனில் அந்தச் சின்ன அறையில்தான் என் முதல் வேலை.

விவசாயிகள் போனில் அனுப்பும் பயிர்ப் படங்களை ஒரு ஆப்பில் போட்டு, என்ன நோய், என்ன பூச்சி என்று பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் யோகேஸ்வரி அக்காவின் படம் வந்தது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்பவர். கணவருக்குக் கட்டாரில் வேலை. விதைப்பிலிருந்து வெட்டு வரை எல்லாம் இவர் தலையில்தான்.

பச்சை வயலுக்கு நடுவே வட்டமாக ஒரு மஞ்சள்.

சத்துக் குறைவு, யூரியா போடவும் என்றது ஆப்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. சத்துக் குறைந்தால் வயல் முழுக்க அல்லவா வெளிறும்... உடனே போனில் கோல் எடுத்தேன்.

"அக்கா, மேலால எடுத்த படம் மட்டும் காணாது. குனிஞ்சு, தண்ணிக்கு மேல தண்டு தெரியிற மாதிரி ஒண்டு எடுங்க."

"வயல் வட்டைக்க சிக்னல் இல்லயெண்டு தெருவுக்கு வந்து நிக்கன் புள்ள. திரும்ப வயலுக்குப் போய்த்தான் எடுக்கணும்."

"போவீங்களாக்கா?"

"போகாம? விளைஞ்சு வாற நேரம். நீ போனுக்குப் பக்கத்திலயே இரி."

மழை பிடித்துவிட்டது. அக்கா வரப்பு வழியே போய், படம் எடுத்து, மறுபடி தெருவுக்கு வந்து அனுப்பினார்.

தண்டின் அடியில் கபில நிறத்தில் சின்னச் சின்னப் பூச்சிகள் அப்பிக் கிடந்தன. அறக்கொட்டி, நெல்லின் சாறை உறிஞ்சும் தத்துப்பூச்சி... யூரியா போட்டிருந்தால் இன்னும் பெருகியிருக்கும்.

விவசாய உத்தியோகத்தருக்குப் படத்தை அனுப்பினேன். தண்ணீரை வடிய விடுங்கள், யூரியா வேண்டாம், மருந்து அந்த வட்டத்துக்கு மட்டும் என்றார்.

அதை அக்காவிடம் சொன்னேன். ஆனால் அக்காவின் தண்ணீர் கீழ் வயலைத் தாண்டித்தான் வடிய வேண்டும். அது தம்பிராசா அண்ணனுடையது. அவரும் சத்துக் குறைவென்று நினைத்து யூரியாப் பையோடு வரப்பில் நின்றாராம். அக்கா பிறகு சொன்னதுதான் இது.

"டவுன்ல இரிக்கிற புள்ள படத்தப் பாத்துச் சொல்லுறதுக்கு நான் வரம்ப வெட்டுறதா?"

அக்கா சத்தம் போடவில்லை.

"என்னையும் நம்ப வேணாம் அண்ணே. உங்கட வயலுக்க இறங்கிக் குனிஞ்சு பாருங்க."

இறங்கினார். பயிரை விலக்கிப் பார்த்தார். அங்கும் அதே பூச்சி. பிறகு தானே மண்வெட்டியை எடுத்து வரப்பை வெட்டிவிட்டார்.

நான் அந்தப் படத்தை அந்த வட்டையில் ஸ்மார்ட்போன் உள்ள எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சாதாரண போன் வைத்திருந்தவர்களின் வீடுகளுக்கு அக்காவே நடந்து போய்ச் சொன்னார். மஞ்சள் விழுந்த இடம் வைக்கோலாய்க் கருகியது. மற்றதெல்லாம் வெட்டுக்கு வந்தது.

ஆப் செய்தவர்களுக்கு நான் விடாமல் எழுதினேன். கடைசியில் ஆப்பை மாற்றினார்கள்.

இன்றைக்கு அந்த ஆப் அடித்தண்டின் படத்தைத் தானாகவே கேட்கிறது. பக்கத்து வட்டையில் பூச்சி கண்டால் முன்கூட்டியே மெசேஜ் வருகிறது. சிக்னலும் வயல் வரைக்கும் வந்துவிட்டது. இதற்காகத்தானே அன்று அவ்வளவு பாடுபட்டோம்...

அதனால் அக்காவிடமிருந்து எனக்குக் கோல் வருவதில்லை. போன கிழமை நானே எடுத்தேன்.

"என்ன புள்ள, பூச்சி ஏதும் வருதாமோ?"

"இல்லக்கா... சும்மாதான் எடுத்தன்."

கொஞ்ச நேரம் சிரித்தார்.

"அப்ப சரி. வரம்பில இரிக்கன். அவசரமில்ல, ஆறுதலாக் கதை புள்ள."