வெண்டிலேட்டரில் அடைத்த கோணி

"இவ படிச்ச படிப்புக்கு ஒரு சுடுதண்ணி வைக்கத் தெரியாது. இவ வந்து எனக்குச் சொல்றா" என்றாள் பெரியம்மா. குளியலறை வாசலில் நின்றுகொண்டு, என்னிடம்கூட அல்ல, என் அம்மாவிடம் சொன்னாள். அக்கா பிரசவமாகி எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. என் கையில் கேஸ் கீசரோடு வந்த சின்னப் புத்தகம் இருந்தது.

அவள் சொன்னதில் பாதி உண்மை. அம்மா தோட்டத்தில் விறகு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த காலையெல்லாம் நான் காஞ்சிபுரம் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். வேதியியல் பட்டம் வாங்கி, இப்போது உத்திரமேரூரில் ஒரு பள்ளியின் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். நைனாவும் அம்மாவும் இன்றும் மற்றவர் நிலத்தில் கூலிக்குப் போகிறவர்கள். அதனால் என் வேலையைப் பற்றிச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்துவதில்லை.

கீசர் மாமா வாங்கியது. மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். புள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் சுடுதண்ணி வேண்டும், மழைக்காலத்தில் மாமியார் ஈர விறகோடு மல்லுக்கட்டக் கூடாது என்று வளைகாப்புக்கு முன்பே வண்டியில் கட்டி எடுத்துவந்தார். பஜாரிலிருந்து வந்த பிட்டர் அதைக் குளியலறைக்குள்ளேயே, குழாய்க்கு மேலே மாட்டிவிட்டுப் போனார். குளியலறை என்று பெயர்தான். இரண்டு பேர் உள்ளே போனால் நெருக்கியடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். தலைக்கு மேலே ஒரே ஒரு வெண்டிலேட்டர்.

பெரியம்மா நான்கு வீடு தள்ளி இருக்கிறாள். அக்காவுக்குத் தண்ணீர் ஊற்ற முதல் நாள் வந்ததுமே, அந்த வெண்டிலேட்டரில் ஒரு கோணிப்பையைச் சுருட்டி அடைத்தாள். கதவுக்கு அடியில் இருந்த சந்தில் பழைய புடவையைத் திணித்தாள். "பச்ச ஒடம்பு. காத்து பட்டா ஜன்னி கண்டுடும்" என்றாள். யாருக்கும் அது தவறாகப் படவில்லை, எனக்கும்தான். தண்ணீர் ஊற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் கீசர் எரிந்துகொண்டே இருக்கும்.

ஆறாம் நாள் குளித்துவிட்டு வந்த அக்கா தலை வலிக்கிறது என்றாள். பெத்த உடம்பு, ரத்தம் இல்லை என்று அம்மா முருங்கைக்கீரை சமைத்தாள். மறுநாளும் வலித்தது. ஒன்பதாம் நாள் வெளியே வந்தவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். நான் தண்ணீர் எடுக்க ஓடியபோது, பெரியம்மா வாசலில் உட்கார்ந்து நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தைல வாசனைதான் என்னை யோசிக்க வைத்தது. அக்காவுக்குப் பெத்த உடம்பு, சரி. பெரியம்மாவுக்கு என்ன? இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வலிக்கிறது. ஒரு மணி நேரம் வெளியே உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் விட்டுவிடுகிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் குளித்து முடித்தபின், கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டுக் கீசரைப் போட்டுப் பார்த்தேன். அதன் முகப்பில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. அதற்குள் நீலமாகத் தெரிய வேண்டிய நெருப்பு மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது. மேல் மூடியில் கரி படிந்திருந்தது. ஆய்வகத்தில் பர்னரின் காற்றுத் துளையை மூடினால் நெருப்பு இப்படித்தான் மஞ்சளாகும். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும் என்பது பரீட்சையில் நான் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிய பதில். பத்து நாளாக அது என் வீட்டில் நடந்துகொண்டிருந்தது, எனக்குத் தெரியவில்லை.

கீசரின் புத்தகத்தை அம்மா பீரோவில் ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்திருந்தாள். ஆங்கிலமும் இந்தியும். மூடிய குளியலறைக்குள் மாட்டக் கூடாது, ஓயாமல் எரியவிடக் கூடாது, காற்று போகும் வழியை அடைக்கக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நாங்கள் மூன்றையும் செய்திருந்தோம்.

இதில் இன்னொன்றும் இருந்தது. அதுவரை குழந்தையை வாசல் வெயிலில் வைத்துத்தான் குளிப்பாட்டினார்கள். மழை பிடித்துக்கொண்டதால், மறுநாள் குழந்தையையும் உள்ளே வைத்தே ஊற்றிவிடலாம் என்று பெரியம்மா முடிவு செய்திருந்தாள். அதைக் கேட்டதும்தான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். நான் முதலில் எழுதிய பெரியம்மாவின் பேச்சு அப்போதுதான் வந்தது.

"கேஸ் லீக் ஆனா நாத்தம் வராதா? எனக்கு மூக்கு இல்ல?" என்றாள்.

"லீக் ஆகல பெரிம்மா. இது எரிஞ்ச பொறவு வர்றது. நாத்தம் இருக்காது, பொகையும் இருக்காது."

"நாத்தமும் இல்ல, பொகையும் இல்ல, கண்ணுக்கும் தெரியல. உனக்கு மட்டும் தெரியுது. இன்னாடி, சாமி வந்துகீதா?"

அம்மா சிரித்துவிட்டாள். எனக்கு முகம் சுட்டது.

"உனக்கு ஏன் டெய்லி தல வலிக்குது?"

"வயசாச்சி, வலிக்குது."

"களையெடுக்கும்போது வலிக்குதா? வூட்ல படுத்துக்கினு கீறப்போ வலிக்குதா? இங்க வந்தாதான வலிக்குது."

"இந்தத் தெருவுல பாதிப் புள்ளைங்களுக்கு ஊத்தனவ நானு. உனக்கும் நான்தான் ஊத்தனேன். கதவு, சந்து எல்லாம் அடச்சிதான் ஊத்தனேன். செத்தா போயிட்ட?"

"அப்ப அடுப்பு எங்க இருந்துச்சி பெரிம்மா?"

"தோட்டத்துல."

"இப்ப எங்க கீது?"

அம்மா சிரிப்பை நிறுத்திக் கீசரை நிமிர்ந்து பார்த்தாள். ஆனாலும் பெரியம்மா போகும்போது, "கோணிய எவளாவது எடுத்தீங்க, நான் ஊத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

கோணி இல்லாமல் அவள் ஊற்ற மாட்டாள். அவள் இல்லாமல் குழந்தையைக் குளிப்பாட்ட எங்கள் யாருக்கும் கை வராது. காலையில் பள்ளிக்கு அரை நாள் லீவு சொன்னேன். கோணியை எடுத்து, கதவைத் திறந்து வைத்து, உள்ளே இரண்டு சின்ன அண்டாவை வைத்து, இரண்டிலும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் பிடித்து மூடினேன். கீசரை நிறுத்தி, சிலிண்டர் வால்வையும் மூடினேன். உள்ளே இருந்த காற்று முழுக்க மாறட்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்தேன். பெரியம்மா வந்தபோது, நானே ஸ்டூல் மேல் ஏறிக் கோணியை அடைத்துக் காட்டினேன்.

"சூடு பத்தாது" என்று முழங்கையை அண்டாவில் வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். "பச்சத் தண்ணி ஒரு சொம்பு கொண்டா."

அக்காவும் குழந்தையும் பெரியம்மாவோடு உள்ளே போக, கதவு மூடியது. நான் வெளியே குந்தியிருந்தேன். குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகை ஒவ்வொன்றும் எனக்கு நிம்மதியாக இருந்தது. திடீரென்று நின்றது. கதவைத் தட்டினேன்.

"பெரிம்மா! இன்னா ஆச்சி?"

"கொயந்த தூங்கிடுச்சிடி. ஏன் உசுரு போறாப்ல கத்தற?"

வெளியே வந்த அக்காவின் முகம் தெளிவாக இருந்தது. அவள் இட்லி கேட்டாள். "தல வலிக்குதா?" என்று பெரியம்மாவைக் கேட்டேன். "நேத்து நல்லா தூங்கனேன்" என்றாள். அதற்கு மேல் அவளிடமிருந்து எதுவும் வராது என்று தெரியும். ஆனால் அடுத்த நாள் முதல், கோணியை அடைக்குமுன் "நிறுத்திட்டியா? வால்வு மூடிட்டியா?" என்று அவளே கேட்க ஆரம்பித்தாள்.

மாமாவுக்குப் போன் செய்தபோது அவருக்கு வருத்தம். "நான் வாங்கிக் குடுத்ததுல இன்னா கொற?"

"கீசர்ல கொற இல்ல மாமா. மாட்டுன எடத்துலதான்."

அடுத்த ஞாயிறு மழையோடு பிட்டரை அழைத்துக்கொண்டு வந்தார். கழற்றிப் பார்த்தால் பர்னருக்குள் சிலந்திக்கூடு. தண்ணீர் வரும் வலையில் எங்கள் போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு. பிட்டர் இரண்டையும் துடைத்து, கீசரைத் தோட்டத்துப் பக்கச் சுவரில், கூரை ஷீட்டுக்கு அடியில் காற்றாடும் இடத்தில் மாட்டினார். இப்போது குளியலறைக்குள் குழாய் மட்டும்தான் வருகிறது. கேஸ் ட்யூப் சேரும் இடங்களில் சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். வரவில்லை. நெருப்பு நீலமாக, ஆடாமல் எரிந்தது. சுத்தம் செய்த தேதியையும் ட்யூப் மாற்ற வேண்டிய தேதியையும் பக்கத்துச் சுவரில் மார்க்கரால் எழுதினேன். சனிக்கிழமைதோறும் நெருப்பின் நிறத்தைப் பார்ப்பது என் வேலை.

பிட்டர் ஸ்பேனரைத் துடைத்தபடி, "எல்லா வூட்லயும் உள்ளாரதாம்மா மாட்றேன். இதுவரிக்கும் யாரும் ஒன்னும் சொல்லல" என்றார்.

"எல்லா வூடும்னா எந்தெந்த வூடுண்ணா?"

அவர் விரல் விட்டுச் சொன்னார். ஐந்து வீடு. அதில் சாலவாக்கம் போகும் வழியில் உள்ள ஒரு வீட்டுக்குப் போன வாரம்தான் பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவரை வண்டியை எடுக்கச் சொன்னேன். மழை விடவில்லை. புத்தகத்தை ப்ளாஸ்டிக் கவரில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் ஏறினேன். அந்த வீட்டின் வெளிச்சுவரில் கீசர் மாட்ட ஆணி அடிக்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினோம்.