ஒருவருக்கு ஓர் அத்தியாயம்

எங்கள் ஊர் நூலகத்தில் போட்டோக்கொப்பி இயந்திரத்துக்கு நேர் மேலே ஒரு மட்டை தொங்கும். நீல மையில், பள்ளிக்கூடக் கையெழுத்தில் எழுதியிருக்கும்: ‘ஒருவருக்கு ஓர் அத்தியாயம் மட்டும். முழுப் புத்தகம் பிரதி எடுக்கப்படமாட்டாது. காரணம் கேட்டால் சொல்லப்படும்.’ அந்தக் கடைசி வரிதான் எனக்கு ஆகவே ஆகாது. காரணம் சொல்லப்படும் என்றால், கேட்டவர் அரை மணித்தியாலம் நின்று கேட்க வேண்டும் என்று பொருள். மட்டையை எழுதியவரும் காரணத்தைச் சொல்பவரும் ஒருவரே, எங்கள் நூலகர். என்னிலும் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்பேன். அவர் என்னை ஒருநாளும் தங்கச்சி என்றதில்லை. ரீச்சர்தான். கோபம் வந்த நாட்களில் அந்த ரீச்சருக்கு ஓர் அழுத்தம் கூடும். போன வருடம் ஓய்வு பெற்று மகளிடம் கொழும்புக்குப் போய்விட்டார். இப்போது அங்கே போனால், பிள்ளைகள் கைபேசியைப் பிடித்து அட்டையிலிருந்து அட்டை வரை படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒருவரும் ஒருவரிடமும் எதுவும் கேட்பதில்லை. அதைப் பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

நான் பருத்தித்துறையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். என் கணவரின் தகப்பன், நான் மாமா என்று சொல்பவர், எனக்கு முன்பு அதே பாடத்தைப் படிப்பித்தவர். குடாநாட்டுக் கடலிலும் களப்பிலும் உள்ள உயிர்களைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். பத்து அத்தியாயங்கள். படங்கள் முழுதும் அவர் கீறியவை. மாமா சைவம், மீன் வாயில் வைக்கமாட்டார். ஆனால் விடிய வெள்ளனப் பஸ் பிடித்துக் குருநகருக்குப் போய், கரைக்கு வந்த வள்ளங்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து நண்டையும் திருக்கையையும் கணவாயையும் கீறிக்கொண்டு வருவார். “தின்னாத மனிசனுக்கு உந்த மீனாலை என்ன பிரயோசனம், சேர்?” என்று அங்கேயுள்ளவர்கள் பகிடி விடுவார்களாம். “தின்னுறவனுக்கு ருசி தெரியும். பல்லு எத்தினை எண்டு நான்தானே எண்ண வேணும்” என்பாராம் மாமா. யாழ்ப்பாணத்துப் பதிப்பாளர் ஒருவர் அதை அச்சிட்டார். உரிமையை மாமா அவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த நாளில் அதை ஒரு பெரிய விடயமாக யாரும் நினைக்கவில்லை. பிறகு யுத்தமும் இடப்பெயர்வும் வந்தன. மாமாவிடமிருந்த பிரதிகள் வீட்டோடு போயின. பதிப்பாளர் கடையை மூடினார், சில வருடங்களில் காலமும் ஆனார். எங்களுக்குத் தெரிந்து மிஞ்சிய ஒரே பிரதி, நூலகத்தின் உசாத்துணை அலுமாரியில், இரவல் கொடுப்பதற்கல்ல என்ற முத்திரையோடு இருந்தது.

மாமாவுக்கு எண்பது கடந்து, இருதயமும் சொல்வழி கேட்காமல் போன நேரம் அது. ஒருநாள் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தபோது என்னைப் பார்த்துச் சொன்னார், “பிள்ளை, நான் கண்ணை மூடமுதல் அந்தப் புத்தகம் உன்ரை வகுப்புப் பிள்ளையளின்ரை கையிலை இருக்கிறதை ஒருக்காப் பாக்க வேணும்.” கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து மாமா என்னிடம் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். ஓம் மாமா என்றேன். ஒரு போட்டோக்கொப்பி வேலைதானே என்று நினைத்துக்கொண்டேன்.

நூலகத்துக்குப் போய்க் கேட்டதும் அக்கா புத்தகத்தை எடுத்து வந்தார். முதற் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தார். பதிப்புரிமை பதிப்பகத்தாருக்கே என்றும், அனுமதியின்றி எப்பகுதியையும் மறுபதிப்புச் செய்யலாகாது என்றும் இருந்தது. “வகுப்பிலை படிப்பிக்க ஒரு அத்தியாயம் எடுக்கலாம் ரீச்சர். நியாயமான பயன்பாடு எண்டு சட்டத்திலை அதுக்கு இடமிருக்கு. முழுப் புத்தகத்தையும் நாப்பது பிள்ளையளுக்கு எடுத்தால் அது பயன்பாடு இல்லை, பதிப்பு.” எழுதிய மனிதர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார், அவரே ஓம் என்றுவிட்டார் என்றேன். “ஐயா எழுதினவர்தான். உரிமை அவரிட்டை இல்லையே.” சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடான் என்பதை அன்றைக்கு நேரில் கண்டேன். அத்தோடு விட்டாரா? கடையில் கிடைக்காத புத்தகத்தை நூலகம் தன் பாதுகாப்புக்காக ஒரு பிரதி எடுத்து வைக்கலாமாம். எடுத்தார். என் கண் முன்னாலேயே பத்து அத்தியாயத்தையும் எடுத்து, அழகாகக் கட்டி, மூலப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்து அலுமாரியைப் பூட்டினார். ஒன்றுக்கு இரண்டு புத்தகம் உள்ளே, நான் வெளியே. உரிமை முடிய எவ்வளவு காலம் என்று கேட்டேன். எழுதியவர் இறந்து எழுபது வருடம் என்றார். வீட்டில் போய்ச் சொன்னபோது மாமா சிரித்தார். “அப்ப நான் கெதியாச் செத்தால்தான் கெதியா விடுவினம்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவரோடு வாதாடிப் பயனில்லை என்று வேறு வழி பார்த்தேன். ஒருவருக்கு ஓர் அத்தியாயம்தானே? வகுப்பில் பத்துப் பிள்ளைகளைத் தெரிவு செய்து, நாளுக்கு ஒருவராக, ஆளுக்கு ஓர் அத்தியாயம் என்று அனுப்பினேன். ஏழு நாள் ஒழுங்காகப் போனது. எட்டாம் நாள் போன பிள்ளை வெறுங்கையோடு வந்து, நூலகர் உங்களை வரச் சொன்னவ ரீச்சர் என்றாள். யார் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் எடுத்தார் என்று எழுதி வைக்கும் கொப்பி ஒன்று அக்காவிடம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. வரிசையாக ஏழு பெயர், வரிசையாக ஏழு அத்தியாயம். “பத்துப் பேர் பத்து அத்தியாயம் எடுத்தால் அது ஒரு புத்தகம்தானே ரீச்சர்? நீங்கள் கணக்குப் படிச்சனீங்கள்தானே?” வாசிக்க வந்திருந்த பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டார். வீடு வரும்வரை என் முகம் எரிந்தது.

மாமா ஒருநாள், நானே போறன் என்று சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா எழும்பி வந்து கையைப் பிடித்து, ஜன்னலோரக் கதிரையில் இருத்தி, பூதக்கண்ணாடி ஒன்றும் கொடுத்து, புத்தகத்தை முன்னால் வைத்தார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு மாமா தன் புத்தகத்தைத் தொட்டார். ஒவ்வொரு பக்கமாகத் தடவித் தடவிப் பார்த்தார். நடுவில் ஓரிடத்தில் நின்று, “உது அப்பவே பிழைச்சுப் போச்சு” என்றார். அச்சுக்கோத்தவர் ஆண் நண்டின் படத்துக்குக் கீழே பெண் என்றும், பெண் நண்டுக்குக் கீழே ஆண் என்றும் போட்டுவிட்டாராம். மாமா என்னிடம் பென்சில் கேட்டார். நான் கொடுக்க, அக்கா குறுக்கே கையை வைத்தார். “ஐயா, குறை நினையாதையுங்கோ. நூலகப் புத்தகத்திலை எழுதக்கூடாது.” எழுதியவரையே எழுதவிடாத நூலகத்தை உலகத்தில் வேறெங்கும் காணமுடியாது. நான் வாயைத் திறக்கும் முன்பே அக்கா ஒரு வெள்ளைத் துண்டை நீட்டினார். மாமா அதில் திருத்தத்தை எழுதி, கையெழுத்தும் வைத்தார். அக்கா திகதி போட்டு அந்தப் பக்கத்துக்குள் வைத்தார். மாமாவுக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது. திரும்பும் வழியெல்லாம், “அந்தப் பிள்ளை சரியான ஆள்” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஓட்டோவிலிருந்து குதித்திருப்பேன்.

அன்றைக்கு நாங்கள் புறப்படும்போது அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அவருடைய படம், குடும்ப விபரம், தேவாரங்களோடு ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்போம். கல்வெட்டு என்பது அதற்குப் பெயர். அக்கா அந்தக் கல்வெட்டுகளையும் சேர்த்து வைக்கிறவர். பழைய பதிப்பாளருடைய கல்வெட்டைத் தேடி எடுத்து, மகள் கனடாவில் இருக்கிறார் என்று கண்டுபிடித்து, உறவுக்காரரைப் பிடித்து மின்னஞ்சல் முகவரியும் வாங்கி வைத்திருந்தார். “உரிமை இப்ப அவவுக்குத்தான். ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கோ ரீச்சர். ஓம் எண்டு ஒரு வரி வந்தால் போதும், நானே நிண்டு நாப்பது கொப்பி அடிச்சுத் தாறன்.” பாப்பம் என்று சொல்லி வந்தேன். நான் எழுதவில்லை. மாமா வெயிலிலும் உப்புக் காற்றிலும் இருந்து கீறியதை எடுக்க, கனடாவில் இருக்கும் யாரோ ஒருவரிடம் நான் ஏன் கையேந்த வேண்டும்? அதுதான் என் நியாயம். பிறகு சோதனை வந்தது, விடைத்தாள் வந்தது, மழை வந்தது. மாமா இடைக்கிடை “கொப்பி என்ன மாதிரிப் பிள்ளை?” என்பார். “அந்த மனிசி விடாது மாமா” என்று பழியை அக்காவின் தலையில் போடுவேன். ஆறு மாதம் இப்படியே போனது.

இதற்கிடையில் ஒரு கூத்து. வகுப்புக்கென்று நான் பல வருடமாக எழுதிச் சேர்த்த குறிப்புகளை, காசுக்கு வகுப்பு நடத்தும் ஒரு ரியூற்றறி, என் பெயர் இருந்த மேல்வரியை மட்டும் மறைத்துக் கொப்பியடித்துத் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தது. கையில் பிடித்துக்கொண்டு நேரே அக்காவிடம்தான் போனேன். வேறு யாரிடம் போவது? அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “அவை உங்களிட்டை ஒரு வார்த்தை கேட்டவையோ?” என்றார். இல்லை என்றேன். “கேட்டிருந்தால்?” குடுத்திருப்பன் என்றேன். அவர் தாள்களை அடுக்கி என் கையில் திருப்பித் தந்தார். அது வேறு இது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

மாமா ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர், எழும்பவில்லை. லண்டனிலிருந்து வந்த என் கணவரின் தம்பி, அப்பாவின்ரை புத்தகத்தையே கல்வெட்டாகப் போடுவம் என்றார். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. என்னிடம் ஏழு அத்தியாயம் இருந்தது. மிச்ச மூன்றையும் முதற் பக்கத்தையும் அதன் பின்புறத்தையும், நூலகத்தில் படிப்பதுபோல் இருந்து, அக்கா எழும்பிப் போன நேரம் பார்த்துக் கைபேசியில் எடுத்தேன். இந்த வயதில், ஒரு ரீச்சர். கல்வெட்டு அடிக்கும் அவசரம் யாழ்ப்பாணத்தாருக்குத் தெரியும், முப்பத்தோராம் நாளுக்கு முன்பு வந்தாக வேண்டும், பிழைதிருத்த நேரமிருக்காது. அச்சகத்தார் கொடுத்ததைக் கொடுத்தபடியே போட்டார்கள். தேவாரம், மாமாவின் படம், வம்ச விருட்சம், பிறகு பத்து அத்தியாயம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து சாப்பாடும் நடந்தது. வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரும் வந்திருந்தார்கள். ஆளுக்கொன்று கையில் வாங்கிப் புரட்டிக்கொண்டு முற்றம் முழுக்க நின்றார்கள். மாமா பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான். அவர் மாலை போட்ட படத்துக்குள் இருந்தார். அக்காவும் வந்திருந்தார். கொடுத்த கல்வெட்டை வாங்கி, பந்திக்குப் போகாமல், ஒரு மூலைக் கதிரையில் இருந்து தொடக்கத்திலிருந்து வாசித்தார். சண்டைக்குத் தயாராக நானும் பக்கத்தில் போய் நின்றேன். அவர் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அனுமதியின்றி எப்பகுதியையும் மறுபதிப்புச் செய்யலாகாது என்ற வரியையும் நாங்கள் பக்தியோடு மறுபதிப்புச் செய்திருந்தோம். செத்தவீட்டுப் புத்தகத்துக்கு ஆர் அக்கா வழக்குப் போடப் போகினம் என்றேன். “வழக்கை விடுங்கோ” என்று நடுப்பக்கத்துக்கு வந்தார். “ஐயா திருத்தித் தந்த நண்டு இதிலை திருத்தாமல் கிடக்கு. என்னட்டைக் கேட்டிருந்தால் அந்தத் துண்டைத் தந்திருப்பன்.” அவர் குரல் உடைந்ததை அன்றுதான் கேட்டேன். கல்வெட்டை மூடிவிட்டு, “கனடாவிலையிருந்து என்ன பதில் வந்தது?” என்றார். நான் எழுதவேயில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கல்வெட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

மூன்றாம் நாள் நூலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அக்கா கணினியை என் பக்கம் திருப்பினார். அந்தியேட்டிக்கு மறுநாள் அவரே கனடாவுக்கு எழுதியிருந்தார். உரிமை கேட்கும் கடிதத்தில் மாமா காலமான செய்தியை எழுதுவது முறையில்லை என்று அதை விட்டுவிட்டாராம். பதில் ஒரே இரவில் வந்திருந்தது. எத்தனை பிரதி வேண்டுமானாலும் தாராளமாக எடுங்கள், அப்பா இருந்தாலும் சந்தோசப்படுவார் என்று இருந்தது. கீழே மேலும் சில வரிகள். தான் சேரிடம் படித்தவள் என்றும், அந்தப் புத்தகத்துக்குப் படம் கீற அவருக்கு மை தொட்டுக் கொடுத்தது நினைவிருக்கிறது என்றும் எழுதி, ‘சேர் சுகமாக இருக்கிறாரா? முதற் பிரதியை அவருடைய கையில் கொடுங்கள்’ என்று முடித்திருந்தார்.

ஒரே இரவு. நான் ஆறு மாதம் வைத்திருந்தேன். ஆத்திரப்பட ஆள் தேடினேன், ஒருவரும் அகப்படவில்லை.

“உரிமைக்கு நான் நன்றி எழுதிப் போட்டன்” என்றார் அக்கா. “மற்றக் கேள்விக்கு நீங்கள்தான் எழுத வேணும், ரீச்சர்.” எழும்பித் தன் கதிரையை எனக்கு விட்டார். இருந்தேன். ஆறு மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதத்தை, சேர் போய்விட்டார் என்று தொடங்கினேன்.